மீட்டர் அண்ணையும் அகழி வீடும்

வடமேற்கு லண்டனில் மீட்டர் அண்ணை தட்டாத கதவு ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றில் அந்த வீடு போன கிழமை கட்டியதாக இருக்க வேண்டும், அல்லது சொல்கிறவர் ஹரோப் பக்கமே வராதவராக இருக்க வேண்டும். முப்பது வருசத்துக்கு மேல் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் வாசித்த மனுசன். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அது அவருடைய மனைவிக்கே ஞாபகம் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அவவும் "எங்கடை மீட்டர்" என்றுதான் சொல்லுவா. அந்தக் கணக்கில் அவ எங்களுக்கு மீட்டர் அக்கா.

அண்ணைக்கு ஆட்களை முகத்தால் தெரியாது. மீட்டர் இருக்கிற இடத்தால்தான் தெரியும். ஒரு கலியாண வீட்டில் பட்டு வேட்டியோடு நின்ற பெரிய கண் டொக்டரைப் பிடித்து, நாலு பேர் கேட்கத்தக்கதாக, "நீங்கள் கக்கூசுக்குள்ளை மீட்டர் இருக்கிற வீட்டுக்காரர் எல்லோ?" என்று கேட்டார். டொக்டர் சாப்பிடாமலே போய்விட்டார். என்னை வெளியில் முதன்முதல் கண்டதும் அப்படித்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "படிக்குக் கீழை, அரிசி மூட்டைக்குப் பின்னாலை" என்றார். அது நான்தான் என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அந்த அரிசி மூட்டை அவருக்கு ஆறாத மனக்குறை.

"வெள்ளைக்காரன்ரை வீட்டிலை மீட்டருக்கு முன்னாலை வீடு கூட்டுற ஒரு தும்புத்தடி நிக்கும். எடுத்து அங்காலை வைச்சால் சரி. எங்கடை ஆக்கள் இருபது கிலோ அரிசி, வெங்காயச் சாக்கு, வீட்டிலை உள்ள அவ்வளவு சப்பாத்தும், அதுக்கு மேலை ஒரு உடைஞ்ச தொட்டில். தங்கச்சி, நான் மீட்டர் வாசிக்க வாறனோ, கிணறு வெட்ட வாறனோ?"

நான் சிரித்துச் சமாளித்தேன். மூட்டையை அசைக்கவில்லை. அந்த வீட்டில் அரிசிக்கு வேறு இடம் இல்லை.

பிறகு ஸ்மார்ட் மீட்டர் வந்தது. அது தன்னைத் தானே வாசித்து, தானே கொம்பனிக்குச் சொல்லியும் விடும். கதவைத் தட்ட ஆள் தேவையில்லை. அண்ணைக்கு ஒரு கேக் வெட்டி, கைகொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்க மறந்துபோனார்கள். அண்ணையும் நினைவூட்டவில்லை.

வீட்டில் குந்திய மனுசன் கதைப்பதை நிறுத்திவிட்டார். இடையில் நெஞ்சில் ஒரு ஒபரேஷனும் நடந்தது. டொக்டர் நடக்கச் சொன்னார். அண்ணை நடக்கவில்லை. ஜன்னலோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு, பார்சல் கொண்டுவருகிற பெடியன்கள் யார் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு இருந்தார். தட்டுகிற விதம் சரியில்லை என்று மட்டும் எப்போதாவது சொல்லுவாராம்.

மீட்டர் அக்கா எனக்கு ஃபோன் எடுத்தா.

"தங்கச்சி, இந்த மனுசனை எங்கையாவது நடக்கக் கூட்டிக்கொண்டு போவீரே? கதைச்சால் எனக்குத் தலையிடி. கதைக்காட்டி நெஞ்சிடி. தலையிடிதான் பரவாயில்லை."

ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை. பிள்ளைகள் உள்ளே மெல்லினம் வல்லினம் படிக்க, நாங்கள் கார் பார்க்கில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ரோல்ஸ் சாப்பிட்டு, அடுத்தவர் வீடு பெருப்பித்த கதை கதைப்போம். அண்ணையும் பேத்தியைக் கொண்டுவந்து விடுவார். எனக்கு ஏற்கெனவே செந்திலோடு சேர்ந்து காட்டுக்குள் நடக்கிற யோசனை இருந்தது. செந்தில் அங்கே பிள்ளையை விட வருகிற கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. கையில் ஃபோன் இல்லாவிட்டால் தன் வீட்டு மாடிக்கே வழி தெரியாத ஆள். அப்படி நாங்கள் மூன்று பேரும் ரைஸ்லிப் காட்டுக்குப் போகத் தொடங்கினோம்.

அது பழைய காடு. லண்டன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத காலத்திலேயே அது காடுதான். கிழட்டு ஓக் மரங்களுக்கு நடுவே நடைபாதைகள் ஓடும். காட்டு ஓரமாக அங்கொன்று இங்கொன்றாகப் பழைய பண்ணை வீடுகள் இருக்கும். கள்ளருக்குப் பயந்து, வீட்டைச் சுற்றி அகழி வெட்டி, தடித்த சுவர் எழுப்பி, உள்ளே போக ஒரே ஒரு பாலம் வைத்துக் கட்டியவை. இப்போது கள்ளர் இல்லை. அகழியில் வாத்து நீந்துகிறது.

முதல் நாள் அண்ணை வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். கறுப்புக் கோட்டு, கழுத்துப் பட்டி, பளபளவென்று பொலிஷ் போட்ட சப்பாத்து, கையில் நீளக் குடை, பொக்கற்றில் டோர்ச் லைட். எல்லாவற்றுக்கும் மேலே அந்த அடையாள அட்டை.

"அண்ணா, சேத்துல நடக்கப் போறோம்ங்க. ஷூ வீணாப் போயிரும்," என்றார் செந்தில்.

"தம்பி, நாலு இடத்துக்குப் போற மனுசன் ஒழுங்காய்ப் போகவேணும்."

"காட்டுல யாருங்ண்ணா இருக்கா?"

"இருந்தால்?"

வழி காட்டுகிற பொறுப்பையும் அண்ணையே எடுத்துக்கொண்டார். லண்டன் முழுக்க அலைந்தவருக்கு ஒரு காடு என்ன பெரிய விசயம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஊருக்குள் அவர் மின்சாரக் கம்பியைப் பார்த்து நடந்து பழகியவராம். காட்டில் கம்பி இல்லை. ஒரே குளத்தை நாங்கள் திரும்பத் திரும்பச் சுற்றினோம்.

"அண்ணை, இந்த முறிஞ்ச மரத்தை முதலும் பாத்தனாங்கள்," என்றேன்.

"அது வேறை. இது அதின்ரை தம்பி."

செந்தில் ஃபோனை நீட்டி, "மேப்ல லெஃப்ட் காட்டுதுங்ண்ணா" என்றார். அண்ணை அந்த ஃபோனுக்கு டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வலது பக்கம் போனார். அந்த வலது பக்கத்தில்தான் அகழி வீடு இருந்தது.

மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளம். சுற்றிவரப் பச்சைத் தண்ணீர், ஒரு சின்னப் பாலம், அதற்கப்பால் செங்கல்லும் மரமும் கலந்து கட்டிய கிழட்டு வீடு.

"இதுக்குள்ளை முதலை விட்டிருப்பினம்," என்றார் அண்ணை அகழியைப் பார்த்து.

"லண்டன்லீங்களா?"

"அந்தக் காலத்திலை குளிர் குறைவு."

இந்த நாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. பொதுப் பாதை என்று ஒன்று காலம் காலமாக ஓடினால், அது ஆருடைய முற்றத்துக்குள்ளால் போனாலும் எவரும் நடக்கலாம். இந்தப் பாதையும் பாலத்தைத் தாண்டி, வீட்டு முற்றத்துக்குள்ளால் போய், பின்பக்கப் படலைக் கதவால் வெளியே வந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரச் சோடி போனது. அவர்கள் அந்த முற்றத்தைக் கடந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணை நிலத்தில் போட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, அப்படியொரு வீடே அங்கே இல்லாத மாதிரிப் போய்விட்டார்கள்.

அண்ணை முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டார்.

"ஒரு வீட்டு முற்றத்தாலை போறம். ஆக்கள் இருக்கினமோ செத்தினமோ எண்டு கேக்காமல் போறதே? நாங்கள் என்ன மாடோ?"

நான் மறிப்பதற்குள் கதவடிக்குப் போய்விட்டார். இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. அது அவருடைய தொழில் தட்டு. எங்கள் வீட்டுக் கதவிலும் நான் அதைக் கேட்டிருக்கிறேன்.

கதவைத் திறந்தவ ஒரு நெட்டையான வெள்ளைக்காரி. வயது எழுபதுக்கு மேலே, முழங்கால் வரை றப்பர் சப்பாத்து. பக்கத்தில் கண்ணும் தெரியாத காதும் கேட்காத ஒரு நாய். பிற்பாடு நாங்கள் அவவுக்குக் கோட்டை அம்மா என்று பெயர் வைத்தோம். அன்றைக்கு அவ முகத்தைப் பார்த்தால் பெயர் வைக்கிற துணிவு வராது.

"பாதை அந்தப் பக்கம்," என்று விரலை நீட்டினா.

அண்ணை "குட் மோர்னிங்" சொல்லத்தான் வாயைத் திறந்தார். முப்பது வருசப் பழக்கத்தில் வாய் மிச்சத்தையும் தானாகவே சொல்லிவிட்டது.

"குட் மோர்னிங் மடம், மீட்டர் வாசிக்க வந்திருக்கிறேன்."

கையும் சும்மா இருக்கவில்லை. கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டியது.

கோட்டை அம்மா அவரை, அவருடைய கழுத்துப் பட்டியை, அட்டையை எல்லாம் பார்த்தா. "கடைசியில் ஒருவரை அனுப்பினார்களே," என்றா. "காலைத் துடைத்துவிட்டு வாருங்கள்."

அண்ணை உள்ளே போக, கதவு சாத்தப்பட்டது. நானும் செந்திலும் முற்றத்தில் வாத்துகளோடு நின்றோம்.

"அக்கா, இது போலீஸ் கேஸாகுமாங்க?"

"வாயை மூடிக்கொண்டு நில்லும்."

நடந்தது இதுதான். அந்த வீட்டு நிலவறையிலும் ஸ்மார்ட் மீட்டர்தான் பூட்டியிருந்தார்கள். ஆனால் காட்டுப் பள்ளமும் அந்தத் தடித்த சுவரும் சேர்ந்து அதன் சிக்னலை வெளியே விடவில்லை. அன்று கள்ளரைத் தடுக்க எழுப்பிய சுவர் இன்று மீட்டரின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. ஆளனுப்பி வாசியுங்கள் என்று கோட்டை அம்மா ஃபோனுக்கு மேல் ஃபோன் எடுத்துக் களைத்துப்போயிருந்தா. லண்டன் முழுக்கத் தேடினாலும் மீட்டர் வாசிக்க ஆள் தேவைப்பட்ட வீடு அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். வழி தவறிய மனுசன் நேரே அங்கே போய் நின்றிருக்கிறார்.

நிலவறையிலிருந்து ஏறி வந்த அண்ணையின் கோட்டு முழுக்கச் சிலந்தி வலை. முகம் அப்படி ஒரு பிரகாசம்.

"தங்கச்சி, மீட்டருக்கு முன்னாலை ஒரு சாமான் இல்லை. ஒரு தும்புத்தடிகூட இல்லை."

திரும்பி வருகிற வழி முழுக்க அவர் வாய் ஓயவில்லை. அன்று பின்னேரம் மீட்டர் அக்கா ஃபோன் எடுத்தா. "என்னத்தைக் குடுத்தனீர் இந்த மனுசனுக்கு? வந்ததிலை இருந்து கதை. எனக்கு மண்டை வெடிக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தா. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது.

அடுத்த சனிக்கிழமையும் அண்ணை அதே கோட்டோடு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய மட்டன் ரோல்ஸ்.

"அண்ணை, போன கிழமைதானே வாசிச்சனீங்கள்?"

"மீட்டர் ஓடுமெல்லோ தங்கச்சி. நிக்கிற சாமானே அது?"

"ரோல்ஸ் என்னத்துக்கு?"

"ஒரு வீட்டை வெறுங்கையோடை போறதே?"

அப்படித்தான் அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு சனியும் காட்டில் நடை, அகழி வீட்டில் அண்ணை உள்ளே, நாங்கள் வெளியே. அண்ணை வாசித்த இலக்கத்தைக் கோட்டை அம்மா கொம்பனிக்குச் சொல்லுவா. பிறகு இருவரும் தேத்தண்ணி குடிப்பார்கள். என்ன கதைப்பார்கள் என்று கேட்டால், "உலக விசயம்" என்பார் அண்ணை.

டப்பாவால் மட்டும் ஒரு சின்னப் பிரச்சினை வந்தது. கோட்டை அம்மா அதைப் பளிச்சென்று கழுவி வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டா. மீட்டர் அக்காவுக்கு அன்று நித்திரை இல்லை. "வெறும் டப்பாவோ தந்தவ? ரோல்ஸ் சரியில்லையாமோ?" என்று என்னிடம் கேட்டா. அடுத்த கிழமை அண்ணை போய், வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்புவது எங்களில் வழக்கமில்லை என்று பணிவாக விளங்கப்படுத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு டப்பா ஒருநாளும் வெறுமையாக வரவில்லை. முட்டை வந்தது, ஆப்பிள் வந்தது, ஒருநாள் பெயர் தெரியாத ஒரு கிழங்கு வந்தது. வந்ததற்கு மேலாகக் கொடுக்க வேண்டும் என்று அக்கா வடையும் சுடத் தொடங்கினா. அதற்கு ஈடாக அங்கிருந்து கேக் வந்தது. இரண்டு பொம்பிளையளும் ஆளையாள் காணாமலே போட்டி போட்டார்கள். இடையில் நடந்த மனுசனுக்கு நெஞ்சும் சுகப்பட்டு, தொந்தியும் வைத்தது.

வசந்தம் வந்த ஒரு சனிக்கிழமை, பாலத்தடிக் கம்பத்தில் ஓர் அறிவித்தல் தொங்கியது. செந்தில் வாசித்தார். பாதையை முற்றத்திலிருந்து எடுத்து அகழிக்கு வெளியே சுற்றிவிடச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். வருகிற சனிக்கிழமை கவுன்சில் அதிகாரி வந்து பார்ப்பார். கருத்துள்ளவர்கள் வரலாம்.

"அப்ப முற்றத்தாலை போக ஏலாதோ?" என்று அண்ணை கேட்டார்.

"அதுக்கென்னங்ண்ணா, வெளிய சுத்திப் போனா இன்னும் நல்ல நடைங்க."

 அன்று அண்ணை கதவைத் தட்டவில்லை. ரோல்ஸ் டப்பாவைப் படியில் வைத்துவிட்டுப் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டார்.  காரில் ஏறும்போது, "பொதுப் பாதையெண்டால் முற்றத்திலை நிக்கலாம், தங்கச்சி. பாதை இல்லையெண்டால் நான் ஆர்? மீட்டர்காரனும் இல்லை," என்றார்.  அவர் போய்வந்தது ஒரு மீட்டருக்காக இல்லை என்று எனக்கு எப்போதோ தெரியும். இவ்வளவு பெரிய நகரத்தில் அவருக்குத் தட்டுவதற்கு மிஞ்சியிருந்த ஒரே கதவு அது.

அன்று இரவே மனுசன் திரும்பவும் ஜன்னல் கதிரையில் குந்திவிட்டார். மீட்டர் அக்கா சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஃபோனை எடுத்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தனக்குத் தெரிந்த அவ்வளவு பேரையும் கூப்பிட்டா. "சனிக்கிழமை மனுசன்ரை விசயமாய் ஒரு வீட்டை போகவேணும். காட்டுக்குள்ளை. கட்டாயம் வாங்கோ."

எங்கள் ஆட்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால் என்ன விளங்கும்? ஒரு விசயம், ஒரு வீடு, கட்டாயம் வர வேண்டும். அதற்கு மேல் ஆரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பிள்ளைகளை வகுப்புக்குள் விட்டுவிட்டு, கார் பின்னால் காராக வந்து இறங்கினார்கள். காஞ்சிபுரம் பட்டு, கழுத்து நிறைய நகை, அதற்குக் கீழே றப்பர் சப்பாத்து. பட்டு வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டிக்கொண்டு கண் டொக்டரும் வந்திருந்தார். அலுமினியத் தட்டுகளில் புரியாணி, வடை, லட்டு. ஒருவர் பூச்செண்டோடு வந்து, "கலியாணப் பொம்பிளை வீடு எது?" என்று என்னிடம் காதுக்குள் கேட்டார். ஓக் மரங்களுக்கு நடுவே அந்த ஊர்வலம் போனதை நாய் நடத்த வந்த வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

முன்னால் அண்ணை. கோட்டும் குடையும் அட்டையும் இருந்தன. முகத்தில்தான் களை இல்லை.

முற்றத்தில் கோட்டை அம்மாவும், கவுன்சில் அதிகாரியான ஓர் இளம் பெண்ணும் நின்றார்கள். பாலம் கொள்ளாத சனம் உள்ளே வரக் கண்டு கோட்டை அம்மா நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டா.

"இங்கே எப்போதும் இவ்வளவு பேரா வருவார்கள்?" என்று அதிகாரி கேட்டா.

"இல்லை," என்றா கோட்டை அம்மா. "வழக்கமாக ரோல்ஸ் மட்டும்தான் வரும்."

காரியம் கெட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பாதையை எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கோட்டை அம்மாவுக்குக் கிடைத்திருக்காது. அந்த நேரத்தில்தான் செந்திலுக்கு எல்லோரையும் ஒரு படத்துக்குள் அடக்கிவிடுகிற ஆசை வந்தது. "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, வீடு முழுசா வரட்டும்," என்று ஃபோனைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு ஓர் அடி வைத்தார். வீடு வரவில்லை. இன்னும் ஓர் அடி வைத்தார். அதற்குப் பிறகு செந்திலைக் காணவில்லை.

அகழியில் தண்ணீர் முழங்கால் அளவுதான். அதற்குக் கீழே இருந்த சேறு எந்தக் காலத்துச் சேறோ, இடுப்பு வரை பிடித்துக்கொண்டது. வாத்துகள் ஒன்றும் நடக்காத மாதிரிச் சுற்றிப் போயின. எல்லோரும் கரையில் நின்று ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். கண் டொக்டர் அவரை அசையாமல் நிற்கச் சொன்னார். அசைய முடிந்தால்தானே. அண்ணைதான் கோட்டோடு கரையில் குப்புறப் படுத்து, குடையின் வளைந்த பிடியை நீட்டினார்.

"பிடியும் தம்பி."

"அண்ணா, முதலை இல்லைங்களே?"

"இப்ப குளிர் கூட. இருக்காது."

பத்துப் பேர் அண்ணையின் காலைப் பிடித்து இழுக்க, அண்ணை குடையை இழுக்க, செந்தில் வெளியே வந்தார். ஒரு சப்பாத்தும் ஃபோனும் அகழிக்குச் சொந்தமாகிவிட்டன.

கோட்டை அம்மா கதவை அகலத் திறந்தா. செந்திலைக் குசினி அடுப்படியில் இருத்திக் கம்பளியால் சுற்றினா. பின்னால் நாங்கள் எல்லோரும் காலைத் துடைத்துவிட்டு உள்ளே போனோம். குசினி பெரிது. தட்டுகள் திறபட்டன. மீட்டர் அக்காவும் கோட்டை அம்மாவும் அன்றுதான் முதன்முதல் முகத்துக்கு முகம் பார்த்தார்கள்.  பிறகு கோட்டை அம்மா சட்டியைக் காட்டி ஏதோ கேட்க, அக்கா கையால் மா பிசைந்து காட்டினா. கவுன்சில் பெண் இரண்டாவது வடையில் இருந்தா.

அப்போதுதான் அண்ணை எழும்பினார். கழுத்து அட்டையைக் கழற்றினார். சேறு வழிந்த கோட்டோடு கோட்டை அம்மாவுக்கு முன்னால் போய், அதை மேசையில் வைத்தார்.

"மடம், நான் மீட்டர் வாசிக்கிற ஆள் இல்லை. முந்தி இருந்தேன். இப்போது அந்த வேலை இல்லை. அன்றைக்கு வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிறகு சொன்னால் கதவு திறக்காது என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்."

 மீட்டர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா.

"எனக்குத் தெரியும்," என்றா கோட்டை அம்மா.

"தெரியுமா? எப்போதிலிருந்து?"

"இரண்டாம் கிழமையிலிருந்து. மீட்டர்காரர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிசயம். நீங்கள் கிழமைக்குக் கிழமை வந்தீர்கள், அதுவும் ரோல்ஸோடு."

செந்தில் கம்பளிக்குள்ளிருந்து சிரித்தார். பிறகு எல்லோருமே சிரித்தோம். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப பாதை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாதை வெளியேதான் போக வேண்டும்," என்றா கோட்டை அம்மா. "என் நாய் வழியில் படுக்கிறது, மிதிக்கிறார்கள். படலையைத் திறந்துவிட்டுப் போகிறார்கள். என் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒருவரும் கதவைத் தட்டுவதில்லை. உங்களைத் தவிர."

அண்ணை தலையாட்டினார். நியாயம்தானே. அட்டையை எடுக்காமல் திரும்பினார்.

"எங்கே போகிறீர்கள்?" கோட்டை அம்மா அவருடைய கழுத்துப் பட்டியையும், பொலிஷ் போன சப்பாத்தையும் பார்த்தா. "பாதை நடக்கிறவர்களுக்கு. நீங்கள் எப்போது நடக்க வந்தீர்கள்? மீட்டர் இன்னும் நிலவறையில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவருக்குக் கதவு இருக்கிறது."

மேசையில் கிடந்த அட்டையை எடுத்து அண்ணையின் கழுத்தில் அவவே மாட்டிவிட்டா.  அண்ணை பொக்கற்றிலிருந்து டோர்ச்சை எடுத்துக்கொண்டு நேரே நிலவறைப் படியில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து இலக்கத்தைச் சத்தமாக வாசித்தார். குரல் தழுதழுத்ததை எல்லோரும் கேட்டோம், ஆரும் காட்டிக்கொள்ளவில்லை. வகுப்பு முடிகிற நேரமாகிவிட்டது என்று அப்போதுதான் ஒருவருக்கு ஞாபகம் வந்தது. ஹரோவில் எங்கள் பிள்ளைகள் அவ்வளவு நேரம் வாசலில் நின்றதும், தமிழ் ஆசிரியையிடம் பெற்றோர் எல்லோரும் வரிசையில் நின்று பேச்சு வாங்கியதும் வேறு கதை.

இப்போது பாதை அகழிக்கு வெளியேதான் போகிறது. நானும் செந்திலும் அக்கரையில் ஒரு மரக்குற்றியில் இருந்து காத்திருப்போம். செந்தில் கரையிலிருந்து தள்ளித்தான் இருப்பார். அண்ணை மட்டும் டப்பாவோடு பாலத்தைத் தாண்டுவார். இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. கதவு திறக்கும்.

எங்கள் வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டர்தான். சிக்னலும் நன்றாகத்தான் போகிறது. ஆனால் அரிசி மூட்டையைப் படிக்குக் கீழேயிருந்து எடுத்துக் குசினிக்குள் வைத்துவிட்டேன். அது நடுவழியில் கிடக்கிறது. "உந்த மூட்டையை ஏனப்பா இஞ்சை வைச்சிருக்கிறீர்?" என்று என் மனுசன் காலில் இடிபடும்போதெல்லாம் கேட்கிறார். இடிபடட்டும். என்றைக்காவது அண்ணை வந்து எங்கள் கதவைத் தட்டினால், மீட்டருக்கு முன்னால் ஒரு தும்புத்தடிகூட இருக்கக் கூடாது.